ஓடையில் தேர்ந்த ஐந்து கற்கள்



கோலியாத்தை எதிர்க்கப் புறப்பட்ட இளைஞன் தாவீதுக்குச் சவுல் அரசர் தம் போருடையையே அணிவித்தார் என்று சாமுவேல் முதல் நூலின் 17ஆம் அதிகாரம் கூறுகிறது. வெண்கலத் தலைச்சீரா, மார்புக் கவசம், வாள் ஆகிய எதிலும் குறைவில்லை. அரசருடைய கவசத்தைவிட உயர்ந்த கவசம் அந்நாட்டில் வேறு எது இருந்திருக்க முடியும்? ஆயினும் தாவீது அதை அணிந்து நடந்து பார்த்தான். பழக்கமில்லாத அந்தப் பாரத்தோடு தன்னால் நடக்க இயலாது என்று கண்டு கழற்றி வைத்துவிட்டான். பிறகு ஓடைக்குச் சென்று வழவழப்பான ஐந்து கற்களைத் தேர்ந்தெடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

மறையுரைகளில் நாம் கவணைப் பற்றியும் கோலியாத்தின் நெற்றியைப் பற்றியும் பேசுகிறோம். கவணைச் சுழற்றுவதற்கு முன் அவன் செய்த இரண்டு செயல்கள் நம் நினைவில் நிற்பதில்லை. அவன் கழற்றி வைத்தான், பின்பு தேர்ந்தெடுத்தான். இம்மாதம் அவ்விரண்டையும் பற்றி எழுத நேர்ந்ததற்குக் காரணம் ஒரு தாயின் கடிதம்.

திருவண்ணாமலையிலிருந்து வந்த கடிதம் அது. அடையாளம் தெரியாதிருக்கும்படி சில விவரங்களை மாற்றியே இங்குக் குறிப்பிடுகிறேன். அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். ஏழு ஆண்டுகளாகப் பியானோ பயில்கிறாள். ஞாயிறு திருப்பலியில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவளும் அவளே. வரும் கோடை விடுமுறையில் சென்னையில் நடக்கவிருக்கும் இளையோர் பியானோப் போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டு நிமிடத்துக்குள், தானே தேர்ந்த உருப்படிகளை வாசிக்க வேண்டும் என்பது விதி. ஷோப்பான் இயற்றிய 'ஃபாண்டஸி-இம்ப்ராம்ப்டு' என்ற உருப்படியையே வாசிக்க வேண்டும் என்று தந்தை உறுதியாக நிற்கிறார். அவருடைய அண்ணன் மகன் அதை வாசித்துத்தான் முன்பு பரிசு பெற்றானாம். நான்கு மாதமாகப் பெண் அதனோடு போராடுகிறாள். விரல்கள் வலிக்கின்றன. சில நாள்களாகப் பியானோவின் மூடியைச் சாத்திவிட்டு அழுகிறாள். இரண்டு ஞாயிறுகளாகப் பாடகர் குழுவுக்கும் வரவில்லை.

"சுவாமி, எதை வாசித்தால் பரிசு கிடைக்கும்? எப்படிச் செய்தால் வீட்டில் சமாதானம் கிடைக்கும்?" என்று அத்தாய் கேட்டிருக்கிறார். இரண்டும் வெவ்வேறு கேள்விகள். குருமடத்தில் ஆர்மோனியமும் ஆர்கனும் பயின்ற அளவிலும், பிள்ளைகளுக்குப் பியானோ கற்பிப்போரிடம் கேட்டறிந்த அளவிலும் முதல் கேள்விக்கு ஐந்து கற்களாகவே விடை தருகிறேன். இரண்டாவது கேள்விக்கு விடை அதற்குள்ளேயே தெரியவரும்.

முதற்கல், மேடையை அறிதல். போட்டிக்குப் போட்டி விதி வேறுபடும். போலந்து நாட்டின் வார்சா நகரில் 1927இல் தொடங்கிய ஷோப்பான் போட்டியில் ஷோப்பானின் படைப்புகளைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. பெல்ஜியத்தின் எலிசபெத் அரசியார் பெயரிலான போட்டியில் இறுதிச் சுற்றை எட்டியவர்களை ஒரு வாரம் தனிமையில் தங்கவைத்து, அதுவரை அச்சேறாத புதிய படைப்பு ஒன்றைக் கையில் கொடுத்து, எவர் உதவியுமின்றிப் பயின்று வாசிக்கச் செய்கிறார்கள். நம் பிள்ளைகள் பலர் எழுதும் லண்டன் ஏ.பி.ஆர்.எஸ்.எம். தேர்வில் மூன்று உருப்படிகள் உண்டு. மொத்த மதிப்பெண் 150. உருப்படி ஒன்றுக்கு 30. அந்தந்தத் தரத்துக்குரிய பட்டியலில் கடினமானதைத் தேர்ந்ததற்காகத் தனி மதிப்பெண் எதுவும் கிடையாது. எதை வாசித்தாள் என்பதற்கன்று, எப்படி வாசித்தாள் என்பதற்கே மதிப்பெண். ஆகையால் விதித் தாளைத் தந்தையும் மகளும் சேர்ந்து முதலில் ஒருமுறை வரிவரியாகப் படிக்க வேண்டும். நேர வரம்பு எவ்வளவு, உருப்படியின் ஒரு பகுதியை மட்டும் வாசிக்கலாமா, எத்தனை காலப்பகுதிகளைச் சேர்ந்த உருப்படிகள் வேண்டும், நினைவிலிருந்து வாசிக்க வேண்டுமா என்பனவற்றைத் தெரிந்துகொள்ளாமல் தேர்வு செய்வது, ஊர் பெயர் கேட்காமல் பேருந்தில் ஏறுவது போன்றது.

நம் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பத்து லட்சம் டாலர் முதற்பரிசு பெற்றதை அனைவரும் அறிவோம். அப்போது அவனுக்கு வயது 13. ரஷ்ய இசைமேதை ரிம்ஸ்கி-கோர்சகோவ் ஓர் இசை நாடகத்துக்காக இயற்றிய வண்டின் பறத்தலைக் குறிக்கும் சிறு உருப்படியை அவன் முதலில் நிமிடத்துக்கு 208 தட்டு வேகத்தில் வாசித்தான். பிறகு அதையே 325 தட்டு வேகத்தில் வாசித்தான். அதைக் கண்ட பெற்றோர் பலர் வேகமே வெற்றி என்று எண்ணிவிட்டார்கள். அவன் நின்ற மேடையை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. அது எல்லாவகைக் கலைஞரும் கலந்துகொண்ட தொலைக்காட்சி மேடை. இசை பயிலாதவரும் ஒரு சில நிமிடத்தில் வியக்கும்படியான உருப்படி அங்கே வேண்டும். எல்லாரும் அறிந்த சிறு உருப்படியைத் தேர்ந்து, முதலில் ஓர் அளவைக் காட்டி, பின்பு அந்த அளவைத் தாண்டிக் காட்டியதில் நல்ல அறிவு இருக்கிறது. ஆனால் செவ்வியல் பியானோப் போட்டியின் நடுவர் வேகத்தோடு நின்றுவிடுவதில்லை. தொனி, தாளம், இசைச் சொற்றொடரின் மூச்சு, இயற்றியவரின் காலத்து நடை ஆகிய யாவற்றையும் அவர் செவி அளக்கிறது. ஒரு மேடையின் வெற்றியை இன்னொரு மேடைக்குக் கடன் வாங்க இயலாது.

இரண்டாம் கல், கையையும் கருவியையும் அறிதல். சவுலின் கவசத்தைத் தாவீது வெறுத்து ஒதுக்கவில்லை. தன் உடலுக்கு அது பொருந்தாததையே கண்டான். ராக்மனினோவ் 1909இல் இயற்றிய மூன்றாம் பியானோ கான்செர்ட்டோவை அக்காலத்தின் மாபெரும் பியானோக் கலைஞர் யோசெஃப் ஹோஃப்மானுக்குக் காணிக்கையாக்கினார். ஹோஃப்மானோ அதை ஒருபோதும் பொதுமேடையில் வாசிக்கவில்லை. அது தமக்கு உரியதன்று என்று விட்டுவிட்டார். அவருடைய கைகள் சிறியவை. அவருக்கென்றே கட்டைகளைச் சற்றுக் குறுக்கிப் பியானோ செய்து கொடுத்தார்கள். உலகம் வணங்கிய கலைஞரே தம் கைக்கு ஒவ்வாததை ஒதுக்கினார் என்றால், பதினான்கு வயதுப் பெண்ணின் கையை நாம் அளந்து பார்க்க வேண்டாமா? எட்டுக் கட்டை அகலத்தை, அதாவது ஆக்டேவை, சிரமமின்றி எட்டுகிறதா? எட்டிய பின்னும் மணிக்கட்டு தளர்ந்து இருக்கிறதா? வலி என்பது உடல் எழுதும் கடிதம். அதைப் படிக்காமல் உறையோடு கிழித்துப் போடலாகாது.

ஷோப்பானின் அந்த உருப்படியில் வலக்கை சதுச்ர நடையில் ஓடும்போது இடக்கை திச்ர நடையில் ஓடுகிறது. நான்கும் மூன்றும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் பின்னிச் செல்ல வேண்டும். மிருதங்கம் பயின்றவர்களுக்கு இதன் அருமை உடனே விளங்கும். இரு கைகளும் தனித்தனியே தேர்ந்து, பின்பு கணக்கை மறந்து பாயும் நிலை வரும்வரை அதை மேடைக்குக் கொண்டுவர இயலாது. அவ்வுருப்படியை 1834ஆம் ஆண்டில் எழுதிய ஷோப்பானே 1849இல் தாம் இறக்கும்வரை அதை வெளியிடவில்லை. 1855இல்தான் அது அச்சேறியது. இயற்றியவரே பதினைந்து ஆண்டு பெட்டியில் வைத்திருந்த ஒன்றை நம் பெண் இரண்டு ஆண்டு கழித்து வாசித்தால் என்ன குறைந்துவிடும்?

கருவியையும் மறத்தல் ஆகாது. நம் ஊர்களில் பல பிள்ளைகள் 61 கட்டைகளுள்ள கீபோர்டில்தான் பயில்கிறார்கள். போட்டி மண்டபத்தில் இருப்பதோ 88 கட்டைகளுள்ள பெரிய பியானோ. கீபோர்டின் கட்டை தொட்டவுடன் இறங்கும். பியானோவின் கட்டையோ கம்பியை அடிக்கும் சுத்தியலின் கனத்தைத் தாங்கியது. விரலின் வலிமைக்கேற்ப ஒலி பெருகும், சிறுக்கும். மிதியும் வேறுவிதமாய் வேலை செய்யும். வீட்டில் கீபோர்டு மட்டுமே உள்ள பிள்ளை, போட்டிக்கு முன் குறைந்தது சில முறையாவது உண்மையான பியானோவில் தன் உருப்படிகளை வாசித்துப் பார்க்க வேண்டும். அங்கே சிதறிப்போகும் உருப்படியைத் தயங்காமல் மாற்றிவிட வேண்டும்.

மூன்றாம் கல், வகையறிந்து தொகுத்தல். கருநாடக இசையில் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) வகுத்த கச்சேரி முறையை நம்மவர் நன்கறிவர். வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகளைப் பாடி, இராகம் தானம் பல்லவியில் உச்சம் எட்டி, சிறு துக்கடாக்களால் மனத்தை இலேசாக்கி, மங்களத்தில் முடிப்பது அம்முறை. கேட்பவர் செவி களைப்படையாமல் இருப்பதும், பாடுபவர் குரல் படிப்படியாகத் திறப்பதும் அதன் பயன்கள். பியானோ நிகழ்ச்சிக்கும் இதே விவேகம் வேண்டும். ஒரே சாயலில் மூன்று உருப்படிகளை வாசித்தால், மூன்றும் நன்றாயிருந்தும் நடுவர் ஒரு பண்பை மட்டுமே அறிந்துகொள்வார். மேலைநாட்டவர் தம் இசையைப் பரோக், செவ்வியல், ரொமாண்டிக், இருபதாம் நூற்றாண்டு என்று காலவாரியாகப் பிரிப்பர். ஒவ்வொரு காலமும் கையிடம் வெவ்வேறு வேலை கேட்கும்.

எடுத்துக்காட்டாக ஒன்றைக் கூறுகிறேன். கட்டளையாகக் கொள்ள வேண்டாம். முதலில் பாக் 1723இல் தொகுத்த இரு குரல் இன்வென்ஷன்கள் பதினைந்தில் 13ஆவது, ஏ மைனரில். ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். இரு கைகளும் சமமாக உரையாடுவதை அது காட்டும். அடுத்து மோட்சார்ட் 1788இல் இயற்றிய சி மேஜர் சொனாட்டா, கே. 545, முதற்பகுதி. மறுவாசிப்புகளைச் சேர்த்தால் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். பின்னர் ஷூமான் 1838இல் இயற்றிய 'குழந்தைப் பருவக் காட்சிகள்' தொகுப்பிலுள்ள 'கனவு' என்ற உருப்படி, எஃப் மேஜரில். இரண்டரை நிமிடம், பாடும் தொனியையும் மிதியின் நுட்பத்தையும் அது சோதிக்கும். இறுதியாகப் பார்ட்டோக் 1915இல் அமைத்த ருமேனிய நாட்டுப்புற நடனங்கள் ஆறில், விதி இடங்கொடுத்தால், முதல் இரண்டு. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய பத்து நிமிடம் வரும். இரண்டு நிமிடம் கையிருப்பு. மேடையேறி அமர்வதற்கும், உருப்படிகளுக்கு இடையே மூச்சு விடுவதற்கும் அது வேண்டும். நேர வரம்பை மீறினால் நடுவர் மணியடித்து நிறுத்திவிடக்கூடும். அப்படி நிறுத்தப்பட்ட பிள்ளையின் முகத்தை எந்தப் பெற்றோரும் காண விரும்பமாட்டார்.

"மோட்சார்ட்டின் அந்தச் சொனாட்டா சிறு பிள்ளைகள் வாசிப்பதாயிற்றே!" என்று தந்தை கேட்கலாம். உண்மைதான். தொடக்க மாணவர்க்கானது என்று மோட்சார்ட்டே தம் பட்டியலில் குறித்து வைத்தார். ஆயினும் அதன் ஒவ்வொரு சுரமும் வெயிலில் உலர்த்திய வெள்ளைத் துணிபோலத் தெரியும். சிறு கறையையும் ஒளித்துவைக்க இடமில்லை. கடினமான உருப்படியில் பிழைகளை ஒலியின் புழுதி மறைத்துவிடும் என்று நம்புகிறோம். நடுவரின் செவிக்கு அந்தப் புழுதியும் கேட்கும்.

நான்காம் கல், வழியின் நீளத்தை எண்ணுதல். திருவண்ணாமலையில் வாழ்வோருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மலையைச் சுற்றி நடக்கும் இந்து சகோதரர்களை ஒவ்வொரு பௌர்ணமி இரவிலும் காண்கிறோம். 14 கிலோமீட்டர்ப் பாதை அது. முதல் இரண்டு கிலோமீட்டரில் விரைந்து ஓடுகிறவர் பாதி வழியில் திண்ணை தேடுகிறார். சீராக நடக்கும் பாட்டியோ விடியுமுன் சுற்றை முடித்து வீட்டில் காப்பி போடுகிறார். ஆண்டவரும் லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று உவமை கூறினார். அடித்தளத்தோடு நின்றுபோன கோபுரத்தைக் கண்டு ஊர் நகைக்கும் என்பதும் அதே உவமையில் உண்டு.

இங்கே கணக்கு எளிது. போட்டிக்கு எத்தனை வாரம் உள்ளது? புதிய உருப்படி கைவசமாக எத்தனை வாரம் பிடிக்கும்? அதற்குமேல், கைவசமான உருப்படி மனவசமாக இன்னும் சில வாரம் வேண்டும். வீட்டில் நூறு பங்கு வாசித்தது மேடையில் எண்பது பங்காகக் குறையும் என்று கற்பிப்போர் கூறுவர். ஆதலால் வீட்டில் தட்டுத்தடுமாறி முடிக்கும் உருப்படி மேடைக்கு உரியதன்று. தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிக்கக்கூடியதே மேடைக்கு உரியது. நிகழ்ச்சியின் முதல் உருப்படியும் அத்தகையதாய் இருக்கட்டும். நடுங்கும் விரல்கள் அமைதி அடைய ஒரு நிமிடம் தேவை.

ஓர் ஆட்சேபணை எழலாம். 2022இல் அமெரிக்காவின் வான் கிளைபர்ன் போட்டியில் வென்ற கொரிய இளைஞர் யுன்ச்சான் லிம்முக்கு வயது 18 மட்டுமே. அரையிறுதியில் லிஸ்ட்டின் மிகக் கடினமான பன்னிரண்டு எட்யூடுகளையும் ஒரே மூச்சில் வாசித்தார். இறுதியில் மேலே சொன்ன ராக்மனினோவின் மூன்றாம் கான்செர்ட்டோவையே வாசித்தார். துணிந்தவர்க்கன்றோ பரிசு என்று கேட்கலாம். ஆம், துணிவு வேண்டும். ஆனால் அந்த இளைஞருக்கு அது கடன் வாங்கிய கவசமன்று, சொந்தக் கவண். கடினமான உருப்படி ஆகாது என்று நான் கூறவில்லை. பிறருடைய உருப்படி ஆகாது என்கிறேன்.

ஐந்தாம் கல், அன்பு. இதை நான் கடைசியில் வைத்தது மிகச் சிறியது என்பதற்காகவன்று. ஹைடன் தம் இசைக் கைப்பிரதிகளின் தலைப்பில் ஆண்டவரின் பெயரால் என்றும், முடிவில் இறைவனுக்குப் புகழ் என்றும் இலத்தீனில் எழுதிவைப்பார். அப்படித் தொடங்கி அப்படி முடிக்க எந்த உருப்படி உன் மகளுக்கு இயல்கிறதோ, அதுவே அவளுடையது. ஓர் உருப்படியோடு மாதக்கணக்கில் ஒரு பிள்ளை வாழ வேண்டியிருக்கிறது. விருப்பமில்லாத விருந்தாளியோடு ஒரு வாரம் இருப்பதே அரிது.

இனி அந்தத் தந்தைக்கு ஒரு வார்த்தை. ஐயா, தாங்கள் மகளுக்காகச் செய்தவை சிறியனவல்ல. வாரந்தோறும் அவளை வேலூருக்கு அழைத்துச் சென்று, வகுப்பு முடியும்வரை வெளியே வெயிலில் காத்திருப்பதைத் தங்கள் துணைவியார் நன்றியோடு எழுதியிருக்கிறார். அந்த உழைப்புக்கு ஒரு பயன் காண விரும்புவது குற்றமாகாது. ஆனால் அண்ணன் மகனுக்குப் பரிசு வாங்கித் தந்த உருப்படி தங்கள் மகளுக்குச் சவுலின் கவசமாய் இருக்கிறது. தாலந்து உவமையை நினைவுகூருங்கள். தலைவர் அவரவர் திறமைக்கேற்பவே ஐந்தும் இரண்டும் ஒன்றுமாகப் பிரித்துக் கொடுத்தார். திரும்பி வந்தபோது ஐந்தைப் பெருக்கியவனுக்கும் இரண்டைப் பெருக்கியவனுக்கும் ஒரே பாராட்டைச் சொன்னார்; ஒரு சொல்கூடக் குறைக்கவில்லை. இரண்டு தாலந்து பெற்றவன் அண்டை வீட்டாரின் ஐந்தைக் கடன் வாங்கி வாணிகம் செய்திருந்தால் அவன் கணக்கு என்னவாகியிருக்கும்?

இன்னொன்றும் உண்டு. அவள் இரண்டு ஞாயிறாகப் பாடகர் குழுவுக்கு வரவில்லை என்பது பரிசைவிடப் பெரிய செய்தி. புனித பத்தாம் பத்திநாதர் 1903இல் வெளியிட்ட திருமடலில் கோயிலுக்குள் பியானோ வாசிப்பதையே தடை செய்திருந்தார். வழிபாட்டுக்குப் பொருந்துவதாகவும், இறைமக்களின் பக்தியை வளர்ப்பதாகவும் இருந்தால் பிற கருவிகளையும் ஏற்கலாம் என்று 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழி திறந்தது. அப்படித் திறந்த வழியில்தான் உங்கள் மகள் ஞாயிறுதோறும் நடந்து வந்தாள். மேடை இசை பீடத்தின் இசையை வளர்க்க வேண்டுமேயன்றி விழுங்கிவிடக் கூடாது. ஒரு போட்டிக்கான தேர்வு பிள்ளையை இசையிலிருந்தே அப்புறப்படுத்தினால், அவள் முதற்பரிசு பெற்றாலும் வீடு தோற்றதாகவே பொருள்.

பரிசு கிடைக்குமா என்ற கேள்விக்கு என்னிடம் விடையில்லை. நடுவரிடமும் முன்கூட்டி இராது. ருமேனியக் கலைஞர் தினு லிபாட்டி 1933இல் வியன்னாப் போட்டியில் இரண்டாம் இடமே பெற்றார். முதலிடம் அவருக்கே உரியது என்று கருதிய நடுவர் கோர்த்தோ குழுவிலிருந்தே விலகினார். இன்று யார் முதலிடம் என்று கேட்டால் சொல்வோர் சிலரே. லிபாட்டியின் பெயரோ நிலைத்திருக்கிறது. 1950இல், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், நோயின் கடுமையில் தம் கடைசி நிகழ்ச்சியில் ஷோப்பானின் பதினான்கு வால்ட்சுகளை வாசிக்க அமர்ந்தார். பதின்மூன்றை வாசித்தார், பதினான்காவதற்கு வலிமை இல்லை. இவ்வளவுதான் இயலும் என்று அறிந்து நிறுத்துவதும் கலையின் ஒரு பகுதியே.

தாவீதின் பையில் ஐந்து கற்கள் இருந்தன, எறிந்தது ஒன்றே. மற்ற நான்கும் வீணாயின என்று யாரும் எண்ணுவதில்லை. பிள்ளைகள் பயின்ற உருப்படிகளும் அவ்வாறே. நடுவர் கேட்பது பன்னிரண்டு நிமிடம். மீதமெல்லாம் அவர்களுடைய வாழ்நாளுக்கு.

ஆகையால் பெற்றோரே, உருப்படிகளின் பட்டியலை எழுதுமுன் ஒன்று செய்யுங்கள். வீட்டில் எவருமில்லை என்று பிள்ளை எண்ணிக்கொண்டிருக்கும் வேளையில், அவள் தானாக எதை வாசிக்கிறாள் என்று அடுத்த அறையிலிருந்து கவனியுங்கள். பட்டியலின் முதல் வரியில் அதை எழுதுங்கள். மற்றவற்றை ஆசிரியரோடு அமர்ந்து அவளே நிரப்பட்டும்.

ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.